மை இறங்கும் வழி

இதை முதலில் கையால்தான் எழுதினேன். கோடு போடாத தாள், மீடியம் அளவில் ஒரு எஃகு நிப், நீலக்கறுப்பு மை. காலையில் உட்கார்ந்து இந்தப் பத்தியைத் தொடங்கியபோது எழுத்து நல்ல நீலமாக இருந்தது, ஈரம் காயாமல் வெளிச்சத்தில் மினுங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன். மைப்பேனா பழகியவர்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கும். எழுதியதைப் படிப்பது தனி, மை காய்வதைப் பார்ப்பது தனி.

பேனா சேர்க்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, எத்தனை இருக்கிறது? அடுத்தது, இருப்பதிலேயே விலை கூடியது எது? இரண்டுக்கும் பதில் சொல்வேன், சொல்லி முடித்ததும் பேச்சும் முடிந்துவிடும். எது நன்றாக எழுதுகிறது, ஏன் அது மட்டும் நன்றாக எழுதுகிறது என்று யாராவது கேட்டால் அவரை லேசில் விடமாட்டேன். இதுவரை அப்படிக் கேட்டவர்கள் குறைவு என்பதால் இங்கே நானே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் நானும் உடம்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். சலவைக்கல் போல ரேகை ஓடிய செல்லுலாய்டு, தங்க வளையம் போட்ட மூடி, சிவப்பில் ஒன்று இருந்தால் அதே வடிவத்தில் பச்சையில் இன்னொன்று. பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு, மறுபடி அடுக்கி வைப்பேன். எழுதியது மட்டும் எப்போதும் ஒரே பேனாவில். மற்றவற்றில் ஒன்று தாளைக் கீறும், ஒன்று முதல் எழுத்தை விழுங்கிவிட்டு இரண்டாவது எழுத்திலிருந்து எழுதும், ஒன்று மையைக் கொட்டித் தாளை நனைக்கும். பேனா என்றால் சிலது அமையும், சிலது அமையாது, எல்லாம் ராசி என்று நினைத்துப் பல வருடம் ஓட்டிவிட்டேன்.

அந்த நினைப்பை மாற்றியது, எழுதவே எழுதாமல் என் கைக்கு வந்த ஒரு பழைய பார்க்கர் 51. அந்தப் பேனா 1941-இல் கடைகளுக்கு வந்தது. பெயரில் உள்ள 51, அதை உருவாக்கிய காலத்தில் நிறுவனத்துக்கு ஆன வயது. அதன் நிப் வெளியே தெரியாது, கூம்பு மாதிரியான உறைக்குள் மறைந்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். சீக்கிரம் காயும் ஒரு மைக்காக யோசித்துச் செய்த பேனா அது, தாளில் சீக்கிரம் காய்கிற மை நிப்பிலும் சீக்கிரம் காயும் இல்லையா, அதனால் காற்றுப் படாமல் நிப்பைப் போர்த்திவிட்டார்கள். என்னிடம் வந்தது 1948-க்குப் பிறகு வந்த அழுத்தி நிரப்பும் வகை. உள்ளே யாரோ எப்போதோ நிரப்பிய மை கல்லாக இறுகிக் கிடந்தது. தண்ணீரில் போட்டேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் நுனியிலிருந்து மெல்லிய நீல நூல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது, ஆடாமல் அசையாமல். தண்ணீரை மாற்ற மாற்ற அது வந்துகொண்டே இருந்தது, ஒரு வாரத்துக்கு மேல். அப்புறம் உறையை இளஞ்சூடு காட்டித் திருகிக் கழற்றியபோது, அதுவரை நான் பார்த்திராத ஒன்றைப் பார்த்தேன். நிப்பைச் சுற்றி, சீப்புப் பற்கள் போல நெருக்கமாக வெட்டுகள் கொண்ட ஒரு உருளை. அந்த வெட்டுகளுக்கு இடையில் எல்லாம் பழைய மை. இவ்வளவு நுணுக்கமாக இதை ஏன் வெட்டினார்கள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

நிறைய தண்ணீர் உள்ள ஒரு சீசாவைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் சீராகக் கொட்டாது, கொளக் கொளக் என்று விட்டுவிட்டு இறங்கும். வெளியேறும் தண்ணீருக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும், அதற்கும் வழி அதே வாய்தான், அதனால் இரண்டும் மாறி மாறி முட்டிக்கொள்கின்றன. மைப்பேனாவும் கவிழ்த்த சீசாதான். மை கீழே இறங்கினால் அதே அளவு காற்று மேலே ஏற வேண்டும். காற்று ஏறவில்லை என்றால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மை நின்றுவிடும், பேனா காய்ந்தது போல விட்டு விட்டு எழுதும். காற்று ஒரேயடியாக ஏறினால் மையும் ஒரேயடியாக இறங்கும், தாளில் பொட்டென்று ஒரு திட்டு விழும். இந்தக் கொளக் கொளக்கைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளிகளாக உடைத்து, கை கேட்கும்போது மட்டும் கேட்ட அளவு நடக்க வைப்பதுதான் பேனா செய்கிற வேலை முழுவதும். உடம்பு, கிளிப், வளையம் எல்லாம் இதற்கு அப்புறம்.

இந்தச் சிக்கல் தீருவதற்கு வெகுகாலம் ஆனது. பாரிசில் படித்துக்கொண்டிருந்த ருமேனியர் பெட்ராகே போயெனாரு 1827-இலேயே தானே மை ஊட்டிக்கொள்ளும் பேனாவுக்கு பிரெஞ்சுக் காப்புரிமை வாங்கினார், அதன் மைக்குழாய் அன்னத்தின் இறகுத் தண்டு. அதற்குப் பிறகும் பலர் முயன்றார்கள். மை நிற்கவும் செய்யாமல் கொட்டவும் செய்யாமல் இறங்க வைத்ததில் பெயர் பெற்றவர் லூயிஸ் எட்சன் வாட்டர்மன், காப்புரிமை 1884. நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் அவர் ஒரு வாய்க்கால் வெட்டி, அந்த வாய்க்காலின் தரையில் மயிரிழை போன்ற கீறல்கள் போட்டார். கீறல் வழியாக மை இறங்கும், மேலே அகலமான பகுதி வழியாகக் காற்று ஏறும். முக்கியமான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கப்போன இடத்தில் பேனா மை கக்கிவிட்டதால்தான் அவர் இதில் இறங்கினார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. பேனா வரலாற்றைத் தேடிப் பார்த்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எனக்கு அந்தக் கதை தேவையும் இல்லை, அந்த வாய்க்காலும் கீறலுமே போதுமான கதையாக இருக்கிறது.

மை தானாக ஏன் நுனிக்கு வருகிறது என்பது இன்னும் அழகான விஷயம். திரிக்கு எண்ணெய் ஏறுகிற அதே தந்துகி விசைதான். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக அது திரவத்தை இழுக்கும். நல்ல நிப்பின் பிளவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நிப்பின் நடுவில் உள்ள துளைப் பக்கம் கொஞ்சம் அகலமாகவும் நுனிப் பக்கம் குறுகிக்கொண்டே போய்க் கிட்டத்தட்ட மூடிக்கொண்டும் இருக்கும். அதனால் மை எப்போதும் நுனியை நோக்கியே இழுபடுகிறது, அங்கே வந்து நிற்கிறது, தாளின் நார்கள் தொட்டதும் அவை அதைவிடப் பலமாக இழுத்துக்கொள்கின்றன. அழுத்தம் என்ற பேச்சே இதில் இல்லை. பந்துமுனைப் பேனாவில் கெட்டியான மையைக் குண்டு உருட்டித்தான் கொண்டுவர வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும், அதிலேயே எழுதிப் பழகிய கை மைப்பேனாவையும் அழுத்துகிறது. விரல் வலிக்கிறது, கீறுகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றே: பேனாவின் சொந்த எடை மட்டும் தாளில் படட்டும், நீங்கள் நகர்த்தினால் போதும். இரண்டு பக்கம் அப்படி எழுதிவிட்டு வந்து அவர்கள் தங்கள் கையையே விரித்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சீப்புப் பற்கள் எதற்கு என்றால், திடீரென்று அதிகமாக இறங்கிவிடும் மையைத் தாங்கி வைத்துக்கொள்வதற்கு. உடம்பிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனாவில், மை பாதிக்குக் கீழே போன பிறகு உள்ளே காற்று அதிகம், கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், அதைத் தாங்க பற்கள் போதவில்லை என்றால் பேனா கக்கும். விமானம் மேலே ஏறும்போதும் இதே கதைதான், வெளியே அழுத்தம் குறைகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. முழுக்க நிரப்பி வைத்தால் உள்ளே விரிய காற்றே இருக்காது, சுத்தமாகக் காலி செய்து வைத்தால் தள்ள மை இருக்காது. இரண்டில் ஒன்று செய்துவிட்டு நிப்பை மேல்நோக்கி வைத்தால் சட்டை தப்பிக்கும்.

சரி, நுனிக்கு வருகிறேன். தங்க நிப் என்று பெயர் இருந்தாலும் தாளைத் தொடுவது தங்கம் இல்லை. தங்கம் மென்மையான உலோகம், தாளில் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். நுனியில் ஒட்டியிருக்கும் சின்னக் குமிழ் வேறு உலோகம். 1803-இல் ஸ்மித்சன் டெனன்ட் பிளாட்டினத் தாதுவின் கரையாத கசடிலிருந்து இரிடியம், ஆஸ்மியம் இரண்டையும் கண்டுபிடித்தார். அவை சேர்ந்த கடினமான உலோகக் கலவை பிற்பாடு நிப் நுனிக்கு வந்தது. இன்றைக்குப் பல நிப்களில் இரிடியம் என்று பொறித்திருந்தாலும் உள்ளே பெரும்பாலும் ருத்தேனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைதான், இரிடியம் பெயரளவுக்கு இருந்தால் உண்டு. அந்தக் குமிழை நடுவில் அறுத்துப் பிளவு போட்டு, உருட்டி மெருகேற்றுவதில்தான் ஒரு நிப்பின் தலையெழுத்து இருக்கிறது. அப்படியானால் தங்கம் எதற்கு? பழைய மைகள் அமிலத்தன்மை கொண்டவை, அன்றைய எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. இப்போது துருப்பிடிக்காத எஃகு வந்துவிட்டது. 585 என்று பொறித்த 14 காரட் நிப்பும் 750 என்று பொறித்த 18 காரட் நிப்பும் என்னிடம் இருக்கின்றன, அவற்றில் சில கையில் கொஞ்சம் வளைந்து கொடுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் வழவழப்பாக எழுத வேண்டும் என்பதற்காக மட்டும் தங்க நிப் வாங்க நினைப்பவரை நான் தடுத்துவிடுவேன். வழவழப்பு அந்தக் குமிழில் இருக்கிறது, எஃகின் நுனியிலும் அதே குமிழ்தான். இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் பிரதி எஃகில் எழுதியது.

குமிழின் அகலத்துக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. ஜப்பானிய ஃபைன் பெரும்பாலும் ஐரோப்பிய எக்ஸ்ட்ரா ஃபைன் அளவுக்குத்தான் வரும், ஜப்பானிய மீடியம் ஐரோப்பிய ஃபைன் பக்கம் வரும். கோடுகளை நெருக்கமாக அடுக்கும் எழுத்துமுறைக்குப் பழகிய நிப்கள் அவை. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். நம் எழுத்தில் சுழி அதிகம். மூன்று சுழி ணகரத்தைச் சின்னதாக எழுதிப் பாருங்கள், திண்ணை, விண்ணப்பம் மாதிரி ஒரு சொல். அகலமான நிப்பில் சுழிகள் அடைத்துக்கொண்டு மூன்று மைப்பொட்டாகிவிடும். ஞகரமும் அப்படித்தான். அதனால் சின்ன எழுத்துக்காரர்கள் ஃபைன் பக்கம் போவது நல்லது. என் எழுத்து பெரியது, எனக்கு மீடியம் சரியாக இருக்கிறது. பட்டையாகத் தேய்த்த நிப்பில் கீழிறங்கும் கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் வரும், பகரத்தின் இரண்டு பக்கச் சுவரும் தடிமனாக நின்று அடிக்கோடு மெல்லிசாக ஓடும், ழகரத்தின் கடைசி வளைவு தடித்து மெலிந்து மறையும். முதன்முதலில் பட்டை நிப்பில் என் பெயரை எழுதியபோது அது என் கையெழுத்தா என்று சந்தேகமாக இருந்தது. அப்படியே ஒரு பக்கம் முழுக்க என் பெயரை எழுதினேன்.

புதுப் பேனா என்றால் சரியாக எழுதும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டியிருந்தது. ஆசைப்பட்டு, நெடுநாள் காத்திருந்து வாங்கிய ஒன்று, தயாரித்தவர் பெயர் வேண்டாம், ஒவ்வொரு சொல்லிலும் முதல் கோட்டைத் தவறவிட்டது. அதற்குப் பிறகு வெண்ணெய் போல ஓடும். மை மாற்றினேன், தாள் மாற்றினேன், கழுவினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்காரர் லென்சு ஒன்றின் கீழே வைத்துப் பார்த்தேன். குமிழின் இரண்டு பாதிகளும் உட்புற ஓரத்தில் அளவுக்கு மீறி உருட்டப்பட்டிருந்தன. பிளவு தாளைத் தொடவே இல்லை, இரண்டு பக்கமும் மேடு, நடுவில் பள்ளம், மை அந்தப் பள்ளத்திலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினால் மை தாளைத் தொடும், அதற்குப் பிறகு ஈரத்தோடு ஈரம் சேர்ந்து ஓடிவிடும். வழவழப்பாக இருக்க வேண்டும் என்று மெருகேற்றியவர் அதிகமாக மெருகேற்றிவிட்டார். மிகவும் நுண்ணிய மெருகுத் தாளில் 8 என்ற வடிவத்தில் நாலைந்து முறை எழுதி, லென்சில் பார்த்து, மையில் தொட்டு எழுதிப் பார்த்து, மறுபடி இரண்டு முறை, இப்படி ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. சரியானது. அந்தப் பேனா இப்போது நான் அதிகம் எடுக்கும் மூன்றில் ஒன்று.

ஆனால் மெருகுத் தாளை எடுப்பதற்கு முன் லென்சை எடுங்கள். கீறுகிறது என்று வரும் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் நிப்பின் ஒரு கால் மற்றதைவிட மயிரளவு தூக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நகத்தால் மெல்ல அழுத்தி இரண்டையும் சமமாக்கினால் போதும். பிளவு மிகவும் இறுகியிருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு முறை உள்ளே இழுத்தெடுத்தால் மை நன்றாக இறங்கும். தேய்த்து எடுத்த குமிழைத் திரும்ப ஒட்ட முடியாது. அடுத்த பேனா வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் ஒரு லென்சு வாங்குங்கள், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பேனாக்களில் பாதி புதிதாகிவிடும்.

மை நிரப்பும் விதங்களைப் பற்றித் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. கான்க்லின் நிறுவனப் பேனாவின் உடம்பில் பிறை மாதிரி ஒரு தகடு துருத்திக்கொண்டிருக்கும், அதை அழுத்தினால் உள்ளே ரப்பர் பை நசுங்கி மையை உறிஞ்சும். மார்க் ட்வைன் அதைப் பாராட்டியதற்கு ஒரு காரணம், அந்தப் பிறை இருப்பதால் பேனா மேசையிலிருந்து உருண்டு விழாது என்பது. நகைக்கடை நடத்திக்கொண்டிருந்த வால்டர் ஷெஃபர் 1908-இல் அந்தத் துருத்தலை ஒரு நெம்புகோலாக்கி உடம்போடு உடம்பாக மடக்கி வைத்தார். 1929-இல் பெலிக்கான் நிறுவனம், பையையே எடுத்துவிட்டுத் திருகினால் மேலும் கீழும் போகும் பிஸ்டனைக் கொண்டுவந்தது, தியோடர் கோவாச் என்ற ஹங்கேரியப் பொறியாளரின் வடிவமைப்பு. எனக்கு மிகவும் பிடித்தது 1952-இல் வந்த ஷெஃபர் ஸ்நார்க்கல். பின்புறத்தைத் திருகினால் நிப்புக்கு அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு குழாய் வெளியே வரும், குழாயை மட்டும் மையில் நனைத்தால் போதும், நிப் நனையாது, துடைக்கத் துணி வேண்டாம். அதற்காக உள்ளே எத்தனை நுண்ணிய பாகங்கள்! நிப்பில் ஒட்டும் இரண்டு துளி மையைத் துடைக்கும் வேலையை மிச்சப்படுத்துவதற்காக யாரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

காய்ந்துபோகாமல் காப்பதிலும் இதே அக்கறைதான். 1963-இல் பைலட் நிறுவனம் கொண்டுவந்த கேப்லெஸ் பேனாவுக்கு மூடியே இல்லை, நிப் உள்ளே போனதும் வாயில் ஒரு குட்டிக் கதவு சாத்திக்கொள்ளும். பிளாட்டினம் நிறுவனத்தின் 3776, ஃபுஜி மலையின் உயரத்தை மீட்டரில் பெயராக வைத்துக்கொண்டது, அதன் இப்போதைய வகையில் மூடிக்குள் வில் வைத்த உள்மூடி ஒன்று கழுத்தை இறுக்கி அடைக்கிறது. நான் மாதக்கணக்கில் மறந்துபோய் வைத்திருந்து எடுத்தபோதும் முதல் கோட்டிலேயே எழுதியது. 1966-இல் வந்த லாமி 2000 பேனாவைப் பற்றியும் ஒரு வரி: கெர்ட் ஆல்பிரட் முல்லர் வடிவமைத்தது, மாக்ரோலான் என்ற பாலிகார்பனேட் உடம்பு, பிஸ்டன் திருகும் இடம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சரியாகத் தெரியாது. இத்தனை வருடம் ஆகியும் மாற்ற வேண்டிய இடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உடம்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் போனால் என் முதல் காதலுக்குத் துரோகம். நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை வாங்கிய கெட்டி ரப்பர்தான் எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்துச் சூடேற்றினால் கிடைப்பது. கையில் எடுத்தால் குளிராது, உடனே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். நிப்புக்கு அடியில் வரும் கட்டையைச் செய்வதற்கும் அது அருமையான பொருள், மை அதில் நன்றாகப் படியும், பிளாஸ்டிக் கட்டையில் சில நேரம் மை முத்து முத்தாக நிற்கும். ஆனால் எபோனைட் உடம்பைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. எனக்கு இது தெரியாது. பல வருட வெளிச்சம் பட்ட ஒரு பழைய கறுப்புப் பேனாவைச் சுத்தம் செய்கிறேன் என்று இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தபோது கறுப்பு போய், பாசி பிடித்த பழுப்பில் இருந்தது. நூறு வருடத்துக்கு அருகில் பத்திரமாக வந்த நிறம் ஒரே ராத்திரியில் என் கையில் போனது. இன்னும் அதை வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் எழுதுகிறது, எடுக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. பால் புரதத்தில் செய்த கேசீன் பேனாக்கள் இன்னும் மோசம், தண்ணீரில் ஊறினால் உப்பிவிடும். செல்லுலாய்டு தண்ணீருக்குத் தாங்கும், மூடியைத் திறந்தால் இன்றும் கற்பூர வாசனை வரும், ஆனால் ரப்பர் பையிலிருந்து வரும் கந்தக ஆவி வெளிர் நிற செல்லுலாய்டைப் பழுப்பாக்கிவிடும். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்து அடைத்து வைக்காதீர்கள்.

மையில் செய்த தவறு இதைவிடப் பெரியது. நல்ல கறுப்பு வேண்டும் என்று, ஓவியர்கள் தொட்டு வரையும் கரி மையை ஒரு பேனாவில் ஊற்றினேன். அந்த மையில் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்தால் தண்ணீரில் கரையாது. கட்டையின் வாய்க்கால், கீறல், பற்கள் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டன. எதற்கும் மசியவில்லை. அந்தப் பேனா போய்விட்டது. மைப்பேனாவுக்கென்று செய்த மையைத் தவிர வேறு எதையும் அதற்குப் பிறகு நான் ஊற்றியதில்லை.

மைகளில் எனக்கு நெருக்கமானது நீலக்கறுப்பு, அதிலும் இரும்புச் சத்துள்ள பழைய முறை. ஓக் மரக் காய்ப்புகளில் இருக்கும் டானின் அமிலத்தோடு இரும்பு சல்பேட்டைச் சேர்த்துச் செய்வது அந்தக் காலத்து முறை. சீசாவில் இருக்கும்போது அதற்கு நிறம் அவ்வளவாகக் கிடையாது. தாளில் பட்டுக் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்த பிறகுதான் இரும்பு மாறுகிறது, கறுக்கிறது, தண்ணீரில் கரையாத பொருளாகித் தாளின் நாரோடு ஒட்டிக்கொள்கிறது. எழுதும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு நீலச் சாயத்தைக் கலந்தார்கள். முதலில் தெரிவது அந்தச் சாயம், நேரம் ஆக ஆகக் கறுப்பு உள்ளிருந்து எழுந்து வரும். நீலக்கறுப்பு என்ற பெயர் கலவை நிறத்தின் பெயர் என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முதலில் நீலம், பிறகு கறுப்பு என்று அது ஒரு நிகழ்ச்சியின் பெயர் என்று தெரிந்த நாளில் ஒரு வரி எழுதிவிட்டு, மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தேன். அமிலம் உள்ள மை என்பதால் பேனாவில் நாள்கணக்கில் போட்டு மறந்துவிடக் கூடாது, அவ்வப்போது கழுவ வேண்டும்.

தாளைப் பற்றிச் சுருக்கமாக: உறிஞ்சும் தாளில் மை நார் வழியாக ஓடி எழுத்துக்கு மீசை முளைக்கும், பின்பக்கமும் இறங்கும். உறிஞ்சாமல் மேலே தாங்கும் தாளில் மை மெதுவாகக் காயும், வளைவின் கடைசியில் தேங்கிய இடம் அடர்ந்தும் வேகமாக ஓடிய இடம் வெளிறியும் இருக்கும், சில மைகளில் அடர்ந்த இடத்தில் சாயம் மேலே படிந்து வேறொரு நிறத்தில் பளபளக்கும், நீலத்தின் மேல் செம்பு மாதிரி. விலை உயர்ந்த பேனாவில் மட்டமான தாளில் எழுதுவதைவிட எளிய பேனாவில் நல்ல தாளில் எழுதுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இப்போது என்னிடம் பேனாக்கள் முன்பைவிடக் குறைவு. கைக்குப் பொருந்தாதவற்றைச் சரிசெய்து, நன்றாக எழுத வைத்து, பொருந்துகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன் அவர்கள் எழுதுவதைப் பார்ப்பேன்: பேனாவை எவ்வளவு சாய்க்கிறார்கள், நிப்பைத் திருப்பிப் பிடிக்கிறார்களா, இடது கையா, மூடியைப் பின்னால் செருகிக்கொள்வார்களா. பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்கிறவருக்குப் பட்டை நிப் கொடுத்தால் ஒரு கால் தாளைத் தொடாது, வீண். மூன்று பேனாக்களுக்கு மேல் ஒரே சமயத்தில் மை ஊற்றுவதில்லை. காலியானதும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, நிப்பைக் கீழ்நோக்கி மடித்த துணியில் நிறுத்தி வைத்தால் மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். அது காய்வதற்குள் அடுத்ததை எடுப்பேன். எப்போது, எந்த மை, எப்படி எழுதியது என்று ஒரு நோட்டில் அந்தப் பேனாவாலேயே இரண்டு வரி. அந்த நோட்டைப் புரட்டினால் ஒரே பேனா வேறு வேறு மையில் எப்படி நடந்துகொண்டது என்பது தெரிகிறது, அந்தந்த நாளில் என் கை எவ்வளவு அவசரத்தில் இருந்தது என்பதும் தெரிகிறது.

அந்தப் பார்க்கர் 51 அந்த மூன்றில் இரண்டாவது. அதில் முதலில் யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அதன் குமிழ் ஒரு பக்கமாக லேசாகத் தேய்ந்திருக்கிறது. பேனாவை என்னைவிடக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்தவர். அதில் எழுதும்போது நானும் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொள்கிறேன், அந்தக் கோணத்தில்தான் அது வழுக்கிக்கொண்டு போகிறது.

சாயங்காலம் ஆகிவிட்டது. காலையில் எழுதிய முதல் தாள் மேசையில் கிடக்கிறது, நீலம் இறங்கி எழுத்து கறுத்திருக்கிறது. இந்த வரி இன்னும் ஈரமாக, நீலமாக இருக்கிறது.